சரிவான நிலத்தில் நேர்மையான ஒப்பீடு: சேர்வியல் அமைப்புகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானைக்குள் நீரும் சூடும் எல்லாப் பருக்கைக்கும் ஒன்றுதான் என்பதால் அந்தப் பதம் செல்லும். நீலகிரிச் சரிவில் அது செல்லாது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் சிறு நிலத்தில் பத்து மட்டங்கள், அதாவது சரிவை வெட்டிச் சமமாக்கிய படிகள், உண்டு. மேல் மட்டத்து மண்ணை மழை ஆண்டுக்கணக்கில் அரித்துக் கீழ் மட்டங்களில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கிழக்கு ஓரத்தில் கற்பூர மரங்கள் நிற்கின்றன. காலை பத்து மணிவரை அந்தப் பக்கத்துக்கு வெயில் கிடையாது.

இந்த நிலத்தில்தான் நான் முதல் சோதனை செய்தேன். மேல் ஐந்து மட்டங்களுக்கு மண்புழு உரம், கீழ் ஐந்துக்குத் தொழு உரம், இரண்டிலும் கேரட். அறுவடையில் கீழ் மட்டங்கள் கூடுதலாகத் தந்தன. தொழு உரமே மேல் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். அடுத்த போகத்தில் உரங்களை இடம் மாற்றிப் போட்டேன். அப்போதும் கீழ் மட்டங்களே கூடுதலாகத் தந்தன. இரண்டு போகமும் நான் அளந்தது சரிவைத்தான், உரத்தை அல்ல.

இந்தச் சிக்கலுக்குக் கணிதம் ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. அதன் பெயர் சேர்வியல் அமைப்பு. சில பொருள்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பொருளும் ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும். எந்த இரண்டு பொருள்களை எடுத்தாலும் அவை ஒரே குழுவில் சந்திக்கும் தடவைகளும் சமமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் அடிப்படை. நிலம் சமமாக இல்லாவிட்டாலும் போட்டியைச் சமமாக்கிவிடலாம் என்பதே இதன் பயன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் செய்துவிடலாம்.

முதல் படி: மண்வெட்டிக்கு முன் பென்சில்

மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை வேண்டும். எவற்றை ஒப்பிடப் போகிறேன்? நிலத்திலோ வேலையிலோ எது சமமாக இல்லை? சமமாக இருக்கும் ஓர் இடத்தில் எத்தனை பாத்தி கொள்ளும்?

முதல் கேள்விக்கான விடையைச் சோதனைப் பொருள் என்போம்: உருளை ரகங்கள், உரங்கள், தேயிலைகள், எதுவானாலும் சரி. மூன்றாம் கேள்வியில் வரும் அந்தச் சமமான இடத்துக்குத் தொகுதி என்று பெயர். மலைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு மட்டமும் ஒரு தொகுதிதான். ஒரே மட்டத்துக்குள் மண்ணின் ஆழமும் ஈரமும் பெரும்பாலும் ஒத்திருக்கும். மட்டத்துக்கு மட்டம்தான் மாறும். மட்டம் வெட்டாத சரிவாக இருந்தால், தொகுதியின் நீள்பக்கம் சரிவுக்குக் குறுக்காக, சம உயரத்தில் போகும்படி கயிறு பிடியுங்கள். சரிவோடு சேர்த்து மேலிருந்து கீழாகத் தொகுதி போட்டால் அதற்குள்ளேயே ஏற்றத்தாழ்வு வந்துவிடும்.

தொகுதி நிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே நாளில் பறித்த கொழுந்து ஒரு தொகுதி. ஒரே ஆள் ஒரே அமர்வில் ருசி பார்க்கும் கோப்பைகளும் ஒரு தொகுதி.

இரண்டாம் படி: எல்லாம் ஒரே மட்டத்தில் கொள்ளுமானால்

நான்கு உருளை ரகங்கள் இருக்கின்றன, ஒரு மட்டத்தில் நான்கு பாத்தி போட இடமும் இருக்கிறது என்றால் வேலை எளிது. ஒவ்வொரு மட்டத்திலும் நான்கு ரகமும் ஒரு முறை வரட்டும். ஐந்து மட்டங்களில் இதைச் செய்தால் ஐந்து மறுநிகழ்வுகள். மேல் மட்டம் மெலிந்தது என்றால் அந்த மெலிவு நான்கு ரகங்களுக்கும் ஒரே அளவில் பங்காகிறது. இதற்குப் பெயர் முழுத் தொகுதி அமைப்பு.

ஆனால் மட்டத்துக்குள் எந்த ரகம் எந்தப் பாத்தி என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது. திருவுளச்சீட்டுப் போடுங்கள். நான்கு சீட்டு, ஒரு டப்பா. ஒவ்வொரு மட்டத்துக்கும் புதிதாகக் குலுக்க வேண்டும். ஒரு மட்டத்துக்குக் குலுக்கியதை மற்ற மட்டங்களுக்கு நகல் எடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஏற்றத்தாழ்வைத் தொகுதி பார்த்துக்கொள்ளும்; தெரியாததைச் சீட்டுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை நினைத்துப் பாருங்கள். 1961-இல் உதகையில்தான் அது இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மண்ணுக்குள் அது திட்டுத் திட்டாக இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. நமக்குப் பிடித்த ரகத்தை எப்போதும் வாசல் பக்கப் பாத்தியில் வைத்தோமானால், அங்கே புழுத் திட்டு இருக்கிறதா இல்லையா என்பதே அந்த ரகத்தின் தலையெழுத்தாகிவிடும்.

சீட்டுக் குலுக்குவதை ஒரு கொள்கையாகவே நிலைநாட்டியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் சேர்ந்தவர். தேயிலை நாட்டுக்காரர்களான நாம் அவருடைய ஒரு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பணியாற்றிய மூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். ஃபிஷர் வகுத்த சோதனையில் கோப்பைகள் 8. நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசை குலுக்கி எடுத்தது. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே ஒன்றுமே தெரியாதவர் குருட்டாம்போக்கில் முழுவதும் சரியாகச் சொல்ல 70-இல் ஒரு வாய்ப்புத்தான். குலுக்காமல் வைத்திருந்தால் இந்த 70 என்ற எண்ணுக்குப் பொருளே இருந்திருக்காது.

மூன்றாம் படி: இரண்டு பக்கமும் சமமில்லை என்றால்

எங்கள் நிலத்தில் மேல் கீழ் மட்டும் சிக்கல் இல்லை. கற்பூர மரநிழலால் கிழக்கு மேற்கும் சிக்கல். இதற்கு லத்தீன் சதுரம் வேண்டும். நான்கு மட்டம், மட்டத்துக்கு நான்கு பாத்தி என்று 16 பாத்திகள். நான்கு உரங்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் ஒவ்வோர் எழுத்தும் ஒரே ஒரு முறை வரும்படி நிரப்புகிறோம்:

அ ஆ இ ஈ
ஆ அ ஈ இ
இ ஈ அ ஆ
ஈ இ ஆ அ

மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒவ்வோர் உரமும் எல்லா மட்டத்திலும் இருக்கிறது. இடமிருந்து வலமாகப் பாருங்கள். ஒவ்வோர் உரமும் நிழலிலும் ஒரு முறை, வெயிலிலும் ஒரு முறை நிற்கிறது. தாளில் எழுதியபின் வரிசைகளைச் சீட்டுப் போட்டு இடம் மாற்றுங்கள், பிறகு பத்திகளையும் மாற்றுங்கள், கடைசியாக எந்த எழுத்து எந்த உரம் என்பதையும் குலுக்குங்கள். எத்தனை மாற்றினாலும் சதுரத்தின் குணம் கெடாது. நான்குக்கு நான்கு அளவில் மட்டும் 576 லத்தீன் சதுரங்கள் இருக்கின்றன. ஐந்துக்கு ஐந்தில் 1,61,280.

அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மூன்றுக்கு மூன்று சதுரம் ஒன்றை மட்டும் போட்டு முடிவெடுக்காதீர்கள். அதில் தற்செயல் வேறுபாட்டை மதிப்பிடத் தகவல் மிகக் குறைவாகவே மிஞ்சும். இரண்டு மூன்று சதுரங்கள் போட வேண்டும். எட்டுக்கு மேல் போனால் 64 பாத்திகளைத் தாண்டும், நம் மட்டங்களில் இடம் பற்றாது. நான்கிலிருந்து ஏழுவரை வசதி.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கார்போகத்தில் இந்த 16 பாத்திகளில் உருளை போட்டு நான்கு உரங்களைச் சோதித்தோம். அதே பாத்திகளில் கடைபோகத்தில் நான்கு பீட்ரூட் ரகங்களைச் சோதிக்க வேண்டும். ஆனால் மண்ணில் பழைய உரத்தின் மிச்சம் இருக்கிறது. ஒரு ரகத்துக்கு மட்டும் நல்ல உரம் போட்ட பாத்திகளே வாய்த்தால் அநியாயம். என்ன செய்யலாம்? ரகங்களை 1, 2, 3, 4 என்று வைத்து இன்னொரு லத்தீன் சதுரத்தை முதல் சதுரத்தின் மேல் அடுக்குங்கள்:

அ1 ஆ2 இ3 ஈ4
ஆ3 அ4 ஈ1 இ2
இ4 ஈ3 அ2 ஆ1
ஈ2 இ1 ஆ4 அ3

விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். அ என்ற உரம் 1, 4, 2, 3 என்று நான்கு ரகங்களையும் ஒவ்வொரு முறை சந்திக்கிறது. ஆ, இ, ஈ மூன்றும் அப்படியே. 16 பாத்திகளிலும் 16 வெவ்வேறு சோடிகள். மட்டம், நிழல், பழைய உரம் என்ற மூன்று ஏற்றத்தாழ்வுகளையும் ரகங்கள் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இப்படிப் பொருந்தும் இரண்டு சதுரங்களைச் செங்குத்துச் சதுரங்கள் என்பார்கள்.

எல்லாச் சதுரத்துக்கும் இப்படித் துணை கிடைக்காது. பலர் கைப்பழக்கத்தில் "அ ஆ இ ஈ, ஆ இ ஈ அ, இ ஈ அ ஆ, ஈ அ ஆ இ" என்று ஓரிடம் நகர்த்தி நகர்த்தி எழுதுவார்கள். அதுவும் லத்தீன் சதுரம்தான். ஆனால் அதற்குத் துணைச் சதுரமே கிடையாது. ஆகவே அடுத்த போகத்துக்கும் அதே நிலத்தில் திட்டம் இருக்கிறதென்றால் நான் மேலே தந்த சதுரத்தோடு தொடங்குங்கள்.

இந்தத் துணை தேடும் கேள்வி மிகப் பழையது. 6 படைப்பிரிவு, 6 பதவி, 36 அதிகாரிகள். இவர்களைச் சதுரமாக நிறுத்தி, ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் எல்லாப் பிரிவும் எல்லாப் பதவியும் ஒரு முறை வரும்படி செய்ய முடியுமா என்று கணித மேதை ஆய்லர் 1782-இல் வெளிவந்த கட்டுரையில் கேட்டார். முடியாது என்று நம்பினார். 6, 10, 14, 18 என்று நான்கால் வகுத்தால் 2 மிஞ்சும் எந்த அளவிலும் முடியாது என்று ஊகித்தார். ஆறில் முடியாது என்பதை காஸ்டன் தாரி 1900-ஐ ஒட்டி நிறுவினார். மற்ற அளவுகளில் ஆய்லரின் ஊகம் தவறு என்று 1959-60-இல் காட்டியவர்கள் மூவர்: ராஜ் சந்திர போஸ், சரத்சந்திர ஸ்ரீகாண்டே, பார்க்கர். போஸும் ஸ்ரீகாண்டேயும் நம் நாட்டவர்கள். 2, 6 இரண்டைத் தவிர எல்லா அளவிலும் செங்குத்துச் சதுரங்கள் உண்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே ஆறு உரம், ஆறு ரகம் என்று அடுக்கத் திட்டமிடாதீர்கள். ஐந்து அல்லது ஏழுக்குப் போங்கள். 177 ஆண்டுகாலக் கேள்வி ஒன்று நம் பீட்ரூட் பாத்திக்கு இப்படி நேரடியாகப் புத்தி சொல்கிறது!

ருசி பார்க்கும் வரிசை

நிலத்தை விட்டுக் கோப்பைக்கு வருவோம். நான்கு தேயிலைகளை நான்கு பேர் ருசி பார்க்கிறார்கள். கடுப்பான தேநீருக்கு அடுத்து வருவது எதுவாயினும் சப்பென்றுதான் இருக்கும். ஓரிடம் நகர்த்தி எழுதும் சதுரத்தில் ஆ எப்போதும் அ-வை அடுத்தே வருகிறது. அ கடுப்பானால் ஆ கெட்டது. 1949-இல் வில்லியம்ஸ் என்ற புள்ளியியலாளர் இதற்கு ஒரு வழி தந்தார்:

முதல் ஆள்: அ ஆ ஈ இ
இரண்டாம் ஆள்: ஆ இ அ ஈ
மூன்றாம் ஆள்: இ ஈ ஆ அ
நான்காம் ஆள்: ஈ அ இ ஆ

அ-வை அடுத்து ஆ ஒரு முறை, ஈ ஒரு முறை, இ ஒரு முறை. நான்குக்கும் இதே கதை. சோடி மட்டுமல்ல, யாருக்குப் பின் யார் என்பதும் சமம். மாட்டுத் தீவனம், மருந்து என்று முந்தையதன் மிச்சம் பிந்தையதைத் தொடும் எந்தச் சோதனைக்கும் இதுவே அமைப்பு.

நான்காம் படி: எல்லாம் ஒரே தொகுதியில் கொள்ளாது என்றால்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவதும், சேர்வியல் தன் முழு அழகைக் காட்டுவதும் இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

தெரிந்த சிறு விவசாயிகள் சிலர் கையால் உருட்டிய தேயிலை ஏழு வகை வந்திருந்தது. ஒப்பிட வேண்டும். எங்களைப் போன்றவர்கள் ஓர் அமர்வில் மூன்று கோப்பைக்கு மேல் ருசி பார்த்தால் நாக்கு மரத்துவிடும். ஆகவே தொகுதியின் அளவு 3, பொருள்கள் 7. எத்தனை அமர்வு வேண்டும்? எந்த மூன்றை எப்போது வைப்பது?

முதலில் இரண்டு கணக்குகள். ஒவ்வொரு தேயிலையும் எத்தனை அமர்வில் வருகிறதோ அந்த எண்ணைப் பொருள்களின் எண்ணிக்கையால் பெருக்கினால், அமர்வுகளின் எண்ணிக்கையைக் கோப்பைகளால் பெருக்கிய விடை வர வேண்டும். இரண்டும் மொத்தக் கோப்பைகள்தானே. அடுத்து, ஒரு தேயிலையின் கண்ணால் பாருங்கள். அது வரும் ஒவ்வோர் அமர்விலும் இரண்டு பேரைச் சந்திக்கிறது. மொத்தம் ஆறு பேரையும் ஒரு முறை சந்திக்க வேண்டுமென்றால் மூன்று அமர்வு வேண்டும். ஆக ஒவ்வொரு தேயிலையும் 3 முறை, மொத்தம் 21 கோப்பை, 7 அமர்வு. கணக்கு உதிரி இல்லாமல் முடிகிறது.

குழுக்களைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரக் கயிறு இருக்கிறது. ஏழு எண்களை வட்டமாக எழுதுங்கள். 1, 2, 4 என்ற மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு இடையிலான தூரங்கள் 1, 2, 3. ஏழு எண் வட்டத்தில் இருக்கக்கூடிய தூரங்களே இந்த மூன்றுதான், ஒவ்வொன்றும் ஒரு முறை வந்துவிட்டது. இனி ஒவ்வொன்றாக நகர்த்தினால் போதும்:

1 2 4
2 3 5
3 4 6
4 5 7
5 6 1
6 7 2
7 1 3

எந்த இரண்டு எண்ணை நினைத்தாலும் அவை சேர்ந்து வரும் வரி ஒன்றே ஒன்றுதான். 2-ம் 6-ம்? ஆறாம் வரி. 3-ம் 7-ம்? கடைசி வரி. இதற்கு ஃபானோ தளம் என்று பெயர். இப்படிப்பட்ட அமைப்புகளுக்குப் பொதுப்பெயர் சமநிலை நிறைவுறாத் தொகுதி அமைப்பு. புள்ளியியலில் இதை 1936-இல் கொண்டுவந்தவர் ஃபிராங்க் யேட்ஸ், இவரும் ராத்தம்ஸ்டெட்காரர். சோடி சந்திக்கும் எண்ணிக்கையைப் புத்தகங்களில் லாம்டா என்ற எழுத்தால் குறிப்பார்கள். இங்கே லாம்டா 1.

தேநீரை எல்லாக் கோப்பையிலும் ஒரே மாதிரி இறக்குங்கள். ஐ.எஸ்.ஓ. 3103 தரமுறை 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது. கோத்தகிரி உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எல்லாவற்றுக்கும் அதே சூடு என்பதால் ஒப்பீட்டுக்குக் குறையில்லை. அமர்வுகளின் வரிசையையும் அமர்வுக்குள் கோப்பைகளின் வரிசையையும் சீட்டுப் போட்டு எடுங்கள். கோப்பையில் எண் மட்டும் இருக்கட்டும், யார் தோட்டம் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

மதிப்பெண்களைக் கூட்டி சராசரி எடுத்தால் போதாது. ஒரு தேயிலைக்கு வாய்த்த அமர்வுகள் தாராள மனத்தோடு மதிப்பெண் போட்டவையாக இருக்கலாம். எனவே இப்படிச் செய்யுங்கள். 4-ஆம் தேயிலையை எடுத்துக்கொள்வோம். அது மூன்று அமர்வில் வருகிறது. அங்கே அது பெற்றவை 7, 8, 6 என்றால் மொத்தம் 21. அந்த மூன்று அமர்வுகளின் சராசரிகள் 6, 7, 5 என்றால் அவற்றின் கூட்டல் 18. வித்தியாசம் 3. இதைத் தொகுதியின் அளவான 3-ஆல் பெருக்கி, பொருள்களின் எண்ணிக்கையையும் லாம்டாவையும் பெருக்கி வரும் 7-ஆல் வகுத்தால் 9/7, ஏறத்தாழ 1.3. ஏழு தேயிலைகளின் பொதுச் சராசரிக்கு மேல் 1.3 மதிப்பெண் பெறும் தேயிலை அது என்று பொருள். ஏழுக்கும் இதைச் செய்தால் வரும் விடைகளின் கூட்டுத்தொகை பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ கூட்டலில் பிழை.

ஒன்பது பொருள், மூன்று மூன்றாக என்றால் இன்னும் எளிது. 1 முதல் 9 வரை மூன்று வரிசையாக எழுதுங்கள். வரிசைகள் மூன்று: 123, 456, 789. பத்திகள் மூன்று: 147, 258, 369. ஒரு பக்க மூலைவிட்டங்கள்: 159, 267, 348. மறுபக்கம்: 168, 249, 357. மொத்தம் 12 குழுக்கள். ஒவ்வொரு மும்மூன்று குழுவும் ஒன்பதையும் ஒரு முறை முழுதாக அடக்கிவிடுவதால் மட்டங்களுக்கு இது வரப்பிரசாதம். குறுகலான, மூன்று பாத்திக்கு மேல் கொள்ளாத மட்டங்கள் 12 இருந்தால் ஒன்பது பூண்டு ரகங்களைச் சோதித்துவிடலாம். அடுத்தடுத்த மூன்று மட்டங்கள் ஒரு முழு மறுநிகழ்வு. இடையில் மழை வந்து அறுவடை நின்றாலும் முடிந்த மறுநிகழ்வுகள் வீணாகாது.

சரி, எட்டுத் தேயிலை வந்தால்? ஒவ்வொன்றும் ஏழு பேரைச் சந்திக்க வேண்டும், அமர்வுக்கு இரண்டு பேர். மூன்றரை அமர்வு என்று வருகிறது. நடக்காது. ஒவ்வொரு சோடியும் இரண்டு முறை என்றால் தேயிலைக்கு 7 அமர்வு, மொத்தம் 56 கோப்பை, மூன்றால் வகுபடாது. ஆறு முறை என்றால்தான் கணக்கு நிற்கும், அதற்கு 56 அமர்வு. யாருக்கு அவ்வளவு பொறுமை? ஒன்றை விலக்கி ஏழாக்குங்கள், அல்லது கடையில் வாங்கிய தேயிலை ஒன்றைச் சேர்த்து ஒன்பதாக்குங்கள். மும்மூன்றாக, ஒவ்வொரு சோடியும் ஒரு முறை என்ற அமைப்பு, பொருள்களின் எண்ணிக்கையை ஆறால் வகுத்தால் 1 அல்லது 3 மிஞ்சும்போது மட்டுமே உண்டு: 7, 9, 13, 15, 19, 21. இதை 1847-இல் நிறுவியவர் தாமஸ் கிர்க்மன் என்ற பாதிரியார். 15 மாணவிகள் மும்மூன்றாக ஏழு நாள் நடைபோக வேண்டும், எந்த இருவரும் ஒரு நாளுக்கு மேல் சேரக் கூடாது என்று 1850-இல் அவர் போட்ட புதிர் இன்றும் புகழோடு இருக்கிறது.

இன்னும் இரண்டு விதிகளை மனத்தில் வையுங்கள். சமநிலை அமைப்பில், தொகுதி எல்லாப் பொருளையும் கொள்ளாத வரை, தொகுதிகளின் எண்ணிக்கை பொருள்களின் எண்ணிக்கையைவிடக் குறைய முடியாது; ஃபிஷர் 1940-இல் காட்டியது. ஐந்து மட்டங்களை வைத்துக்கொண்டு ஏழு ரகத்துக்குச் சமநிலை தேடி இரவு முழுதும் உட்காராதீர்கள். இரண்டாவது, கூட்டல் கணக்கு ஒத்துவந்தாலும் அமைப்பு இருந்தே தீரும் என்பதில்லை. 111 பொருள், தொகுதிக்கு 11, சோடிக்கு ஒரு சந்திப்பு என்பதற்குக் கணக்கு அழகாக ஒத்துவரும். அப்படி ஓர் அமைப்பு கிடையாது என்று கிளெமெண்ட் லாம் குழுவினர் 1989-இல் மிக நீண்ட கணினித் தேடலுக்குப் பிறகு அறிவித்தார்கள்.

ஐந்தாம் படி: பல காரணிகள், கொஞ்ச இடம்

தொழு உரத்தின் அளவு, இடைவெளி, மண் அணைக்கும் நாள், நீர் விடும் இடைவேளை: நான்கு காரணிகள், ஒவ்வொன்றிலும் மூன்று நிலைகள். எல்லாச் சேர்க்கையும் பார்க்க 81 பாத்தி வேண்டும். நம் நாட்டுப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் 1940-களில் உருவாக்கிய செங்குத்து அணி என்ற எண் அட்டவணை இதை 9 பாத்தியில் அடக்கும்:

1111, 1223, 1332
2122, 2231, 2313
3133, 3212, 3321

ஒவ்வொரு நான்கு இலக்கமும் ஒரு பாத்தி. எந்த இரண்டு காரணியை எடுத்தாலும் அவற்றின் ஒன்பது சேர்க்கைகளும் ஒவ்வொரு முறை வருகின்றன. ஆனால் இதை ஒரு வடிகட்டியாக மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு காரணி இன்னொன்றைத் தூக்கிவிடுகிறதா என்பதை இந்த ஒன்பதால் பிரித்துச் சொல்ல முடியாது; நீரும் உரமும் ஒன்றையொன்று தூக்கும் என்பது நாமறிந்ததே. முக்கியமான இரண்டைக் கண்டுபிடித்தபின் அவற்றை மட்டும் முழுத் தொகுதியில் மறுபடி சோதியுங்கள். மென்பொருள் சோதிப்பவர்கள் செயலிகளில் பிழை தேடப் பயன்படுத்துவதும் இதே இனத்து அணிகளைத்தான்.

வீட்டில் பிள்ளைகளோடு கைப்பழக்கம் வர ஒரு விளையாட்டு சொல்கிறேன். 13 அட்டைகள் வெட்டி, 13 படங்களுக்கு எண் கொடுங்கள். முதல் அட்டையில் 1, 2, 4, 10. ஒவ்வோர் எண்ணோடும் ஒன்று கூட்டி அடுத்த அட்டை: 2, 3, 5, 11. பதின்மூன்றைத் தாண்டினால் ஒன்றுக்குத் திரும்புங்கள். 13 அட்டையும் முடிந்தபின் எந்த இரண்டை எடுத்தாலும் பொதுப்படம் சரியாக ஒன்று இருக்கும். முதலில் கண்டவருக்குப் புள்ளி. கடையில் விற்கும் டாப்பிள் அட்டைகளுக்குப் பின்னால் இருப்பது இதன் பெரிய அண்ணன்: 57 படம், அட்டைக்கு 8.

ஆறாம் படி: பன்றி புகுந்துவிட்டால்

புத்தகங்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் வைக்கும். மலையில் இது அடிக்கடி தேவைப்படும். எங்கள் 16 பாத்திச் சதுரத்தில் ஓர் இரவு காட்டுப்பன்றி புகுந்து ஒரு பாத்தியை முழுதாகக் கிளறிவிட்டது. அந்தப் பாத்திக்குப் பூச்சியம் என்று எழுதக் கூடாது. பன்றி வந்தது உரத்தின் குற்றம் அல்ல. அந்த உரத்தைச் சோதனையிலிருந்தே நீக்கவும் தேவையில்லை. விடுபட்ட பாத்திக்கு ஒரு மதிப்பீடு போடலாம். அது இருந்த வரிசையில் மிஞ்சியவற்றின் கூட்டல், பத்தியில் மிஞ்சியவற்றின் கூட்டல், அந்த உரத்தின் மற்றப் பாத்திகளின் கூட்டல் மூன்றையும் சேருங்கள். 4-ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து 15 பாத்திகளின் மொத்தத்தை இரண்டு மடங்காக்கிக் கழியுங்கள். 6-ஆல் வகுங்கள். எடுத்துக்காட்டாக, கிலோ கணக்கில் 63, 57, 66, மொத்தம் 310. மூன்றையும் சேர்த்தால் 186. நான்கால் பெருக்கினால் 744. அதில் 620 போனால் 124. ஆறால் வகுத்தால் 20.7 கிலோ.

இந்த எண்ணை நோட்டில் வேறு நிற மையில் எழுதுங்கள். அது அளந்த எண் அல்ல, மற்ற 15 பாத்திகள் சொல்லும் ஊகம். ஆகவே தற்செயல் வேறுபாட்டைக் கணக்கிடும்போது அதற்கென மிஞ்சும் தகவல் எண்ணிக்கையில் (ஆங்கிலத்தில் degrees of freedom) ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்: நான்குக்கு நான்கு சதுரத்தில் 6 இருந்த இடத்தில் 5. இரண்டாவது பாத்தியும் போனால் ஒன்றுக்கு உத்தேச மதிப்பு வைத்து மற்றதைக் கணக்கிட்டு, அதைக்கொண்டு முதலாவதைத் திருத்தி, எண்கள் அசையாமல் நிற்கும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மூன்று நான்கு சுற்றுப் பெரும்பாலும் போதும். அதற்கு மேலும் பாத்திகள் போயிருந்தால் வேலியைக் கட்டிவிட்டு அடுத்த போகத்தில் புதிதாகச் சீட்டுக் குலுக்குங்கள்.